முல்லைப் பெரியாற்றை எவ்வளவு இறக்க முடியும்? கண்காணிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

முல்லைப் பெரியாறு அணைக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் அவர்களுக்கும், இரு மாநில உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களில் மூன்றே கால் ஏக்கர் என்னுடையது. காலையில் செய்தித்தாள் வந்தால் தலைப்புச் செய்திக்கு முன்னால் அணை நிலவரத்தைத்தான் பார்ப்பேன். என் அப்பாவும் அப்படித்தான். அவர் காலத்தில் பெரியாறு அணையின் மட்டத்துக்குப் பக்கத்தில், எத்தனை அடி வரை தேக்கலாம் என்ற எண் அடைப்புக்குறிக்குள் 152 என்று இருந்தது. பிறகு 136 ஆனது. இப்போது 142. மூன்று தலைமுறையாக எங்கள் ஊரில் திருமணத் தேதி முதல் நகைக்கடன் வரை அந்த அடைப்புக்குறியைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

அந்தப் பத்தியில் ஒருநாளும் அச்சாகாத எண் ஒன்று உண்டு. அது 104. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் தங்கையைக் கேரளத்தில், அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் உள்ள வண்டிப்பெரியாற்றில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சான் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஆறு தெரியும். கம்பத்திலிருந்து குமுளி வழியாகப் போனால் அதிக நேரம் ஆகாது. ஆனால் 2011 டிசம்பரில் அணைச் சண்டை முற்றி அந்த வழி மூடிக்கிடந்தது. இந்தப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் நாங்கள் குமுளியை நோக்கி நடந்தோம். அந்தப் பக்கம் மனிதச் சங்கிலி கட்டி நின்றார்கள். தோட்டத் தொழிலாளர்கள் பலர் காட்டுப் பாதை வழியாக இறங்கி வந்தார்கள். அந்த மாதம் தங்கை தொலைபேசியில் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: “அண்ணே, நீங்கள் தண்ணீர் வேண்டும் என்று ஊர்வலம் போகிறீர்கள். நாங்கள் தண்ணீர் வந்துவிடுமோ என்று தூங்காமல் கிடக்கிறோம். இரண்டும் ஒரே தண்ணீர்தானே?”

அன்று நான் பதில் சொல்லவில்லை. அணை பலமாக இருக்கிறது, வல்லுநர்கள் சொல்லிவிட்டார்கள் என்று ஏதோ முணுமுணுத்தேன். அணை பலமாக இருக்கிறது என்றே இன்றும் நம்புகிறேன். 1979-க்குப் பிறகு அதன் தலையில் கான்கிரீட் போர்த்தி, உள்ளே கம்பிவடங்களை இறக்கி நங்கூரமிட்டு, முதுகுப் பக்கம் கான்கிரீட் தாங்கல் கொடுத்ததெல்லாம் வெறும் பூச்சு வேலை அல்ல. ஆனாலும் தங்கை கேட்டது பலத்தைப் பற்றி அல்ல என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஏதாவது ஒன்று என்றால் அந்தத் தண்ணீரை எப்படி இறக்குவீர்கள் என்பதுதான் அவள் கேள்வி.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்மாய் என்றால் இரண்டு வழி கட்டாயம். நிறைந்தால் வழிவதற்குக் கழுங்கு, வேண்டியபோது திறப்பதற்கு மடை. கழுங்கு மேலே இருக்கும், மடை தரையோடு இருக்கும். பாண்டியர் காலத்துக் குமிழித் தூம்புகளில் தெளிந்த நீர் போக ஒரு துளையும், சேறு போகத் தரைமட்டத்தில் இன்னொரு துளையும் வைத்தார்கள். கரையில் கசிவு கண்டால் மடையைத் திறந்து மட்டத்தைக் குறைத்துவிட்டு அடைப்பார்கள். மடை இல்லாமல் கழுங்கு மட்டும் வைத்து எந்த ஊரிலும் கண்மாய் வெட்டியதில்லை.

முல்லைப் பெரியாற்றில் கழுங்கு இருக்கிறது. 13 ஷட்டர்கள். அவை 136 அடிக்கு மேல் உள்ள தண்ணீரை மட்டுமே வெளியே விடும். அணையின் உடம்பில் அடிமதகு என்று எதுவும் இல்லை. மடை இருக்கிறது, ஆனால் அது அணையில் இல்லை. ஏரியின் இன்னொரு கோடியில், தேக்கடித் தலைமதகில் இருக்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அதுவும் தரையோடு இல்லை. 104 அடிக்குக் கீழே போன தண்ணீரை அதன் வழியாக எடுக்க முடியாது. ஆக 136-லிருந்து 104 வரை ஒரே வழி, அந்தச் சுரங்கம். 104-க்குக் கீழே வழியே கிடையாது. அங்கே ஏறத்தாழ 5 டி.எம்.சி., அதாவது 500 கோடி கன அடி தண்ணீர் நிரந்தரமாக நிற்கிறது. பொறியாளர்கள் அதை டெட் ஸ்டோரேஜ் என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதை நடுவயிற்றில் வாய் வைத்த குதிர் என்பார். குதிருக்கு வாய் அடியில் இருந்தால்தான் கடைசி மரக்கால் நெல்லும் கைக்கு வரும்.

இதை அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜனவரி 15-ஆம் தேதி அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரன் நான். 1887-இல் தொடங்கி 1895-இல் முடித்த அந்த வேலையின் நோக்கமே, மேற்கே ஓடிய ஆற்றை மலையின் தோள் வரை தூக்கிக் கிழக்கே ஊற்றுவது. மலையைக் குடைய அன்றைக்குக் கையில் இருந்தவற்றைக் கொண்டு 5,704 அடி நீளச் சுரங்கம் வெட்டினார்கள். ஒரு மைலுக்குச் சற்று அதிகம். அதற்கு மேல் நீட்டாமல் இருக்க வேண்டுமென்றால் சுரங்கத்தின் வாய் உயரத்தில் இருந்தாக வேண்டும். அந்த உயரத்துக்கு ஏரி ஏற வேண்டும். ஆக அடியில் நிற்கிற 5 டி.எம்.சி.யும் தண்ணீர் மலையைத் தாண்ட வைத்த ஏணி. ஏணியைப் பழிப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் 1895-இல் சுரங்கம் வெட்டிய முறைக்கும் இன்றைய முறைக்கும் உள்ள தூரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி இறக்கும் வேகத்துக்கு வருகிறேன். இது நான் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு. தவறிருந்தால் திருத்துங்கள். சுரங்கம் வழியாக வினாடிக்கு 2,000 கன அடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 17.28 கோடி கன அடி. 142-லிருந்து 136-க்கு இறங்க ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி. வெளியேற வேண்டும். வரத்து ஒரு சொட்டும் இல்லாவிட்டால் ஒன்பது நாள். 142-லிருந்து 104 வரை சுமார் 7.6 டி.எம்.சி. அதற்கு ஒன்றரை மாதம். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற வாரத்தில் வரத்து 5,000, 10,000 கன அடி என்று போகும்போது சுரங்கத்தை முழுவதும் திறந்து வைத்தாலும் மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அப்போது விரைவாக இறக்க ஒரே வழி ஷட்டர்கள். ஷட்டர் வழியாகப் போகிற தண்ணீர் என் தங்கை வீட்டுத் திண்ணைக்குக் கீழேதான் போகிறது. 2018 ஆகஸ்டிலும் 2021 அக்டோபரிலும் ஷட்டர்களைத் தூக்கியபோது அந்தத் திண்ணையில் இருந்தவர்களைக் கேளுங்கள். அணையின் பாதுகாப்புக்காக எடுக்கிற நடவடிக்கையே கீழே உள்ளவனுக்குப் பயமாக வந்து சேர்கிறது.

அது இடுக்கி அணைக்குத்தான் போகிறது, இடுக்கி 70 டி.எம்.சி. கொள்ளும், இதை விழுங்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். இடுக்கி விழுங்கலாம். ஆனால் இடுக்கிக்கு முன்னால் வண்டிப்பெரியாறு இருக்கிறது, சப்பாத்து இருக்கிறது, உப்புத்தறை இருக்கிறது. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் நம் சொந்தபந்தம்.

மற்ற நாடுகளில் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பெரிய நீர்த்தேக்கம் என்றால், ஆபத்து வேளையில் ஆழத்தில் பத்தில் ஒரு பங்கை ஏழு நாளில் இறக்க வேண்டும், முழுவதையும் தொண்ணூறு நாளில் காலி செய்ய முடிய வேண்டும். அதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஏழு நாளில் 14 அடி. நமக்குச் சுரங்கத்தால் 6 அடிக்கே ஒன்பது நாள். தொண்ணூறு நாள் என்ன, தொண்ணூறு ஆண்டு ஆனாலும் 104-க்குக் கீழே இறங்காது. இந்த விதி கலிபோர்னியாவில் சும்மா வரவில்லை. 1971 பிப்ரவரி 9 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் நிலநடுக்கம். லோயர் சான் பெர்னாண்டோ அணையின் மேற்பகுதி ஏரிக்குள் சரிந்து விழுந்தது. தண்ணீருக்கும் உடைந்த விளிம்புக்கும் இடையில் மிஞ்சியது ஐந்தடி அளவு. கீழே இருந்த 80,000 பேரை வெளியேற்றிவிட்டு நாள்கணக்கில் தண்ணீரை இறக்கினார்கள். அணை தப்பியது. இரண்டு காரணம்: ஏரியை முன்பே முழுக் கொள்ளளவுக்குக் கீழே வைத்திருந்தார்கள், மிச்சத்தை இறக்க அவர்களுக்கு வழி இருந்தது. அது மண் அணை, நம்முடையது சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் சேர்த்துக் கட்டிய கல் அணை. இரண்டையும் ஒன்றாக்கவில்லை. இறக்க வழி இருப்பது என்றால் என்ன என்பதற்காக மட்டும் சொன்னேன்.

இன்னொரு கணக்கு. பி.யூ.சி.யில் படித்த பௌதிகத்தில் இது ஒன்றுதான் மறக்கவில்லை. தண்ணீர் அணையைத் தள்ளுகிற விசை ஆழத்தின் வர்க்கத்தைப் போல ஏறும், இறங்கும். 142 அடியில் உள்ள விசையை நூறு என்று வையுங்கள். 136-இல் அது 92. இரு மாநிலமும் முப்பத்தைந்து ஆண்டு மல்லுக்கட்டியது இந்த எட்டுக்காக. 104-இல் அது 54. ஐம்பது அடிக்கு இறக்கினால் 12-தான். வண்டலின் அழுத்தம், அடியிலிருந்து மேலே உந்தும் நீரழுத்தம், நிலநடுக்கம் என்று நீங்கள் சேர்க்க வேண்டியவை நிறைய உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த நான்கு எண்களைப் பார்த்தால், பெரிய வேறுபாடு கீழேதான் இருக்கிறது என்பது மூன்றே கால் ஏக்கர்க்காரனுக்குக்கூடப் புரிகிறது. நாம் சண்டை போட்டதெல்லாம் மேலே.

ஐம்பது அடி என்ற எண்ணை நான் கற்பனை செய்யவில்லை. நீதியரசர் ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான அதிகாரம் பெற்ற குழு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கையில், மாற்று வழிகளில் ஒன்றாக 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் என்பதும் இருக்கிறது. 2014 மே 7 தீர்ப்பு வந்த அன்று நாங்கள் பட்டாசு வெடித்தோம். 142 கிடைத்துவிட்டது, மற்ற பக்கங்களை யார் புரட்டுவது? அந்தப் பக்கம் புதிய அணை என்ற ஒரே பேச்சு. இரண்டு கூச்சலுக்கும் நடுவில் அந்த ஐம்பது அடி அமிழ்ந்துவிட்டது.

எங்கள் பள்ளத்தாக்கில் இறக்குவது என்ற சொல்லே கெட்ட சொல். அதற்குக் காரணம் உண்டு. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அந்தப் பீதியில் இங்கே மட்டத்தை 136-க்கு இறக்கினார்கள். பலப்படுத்தும் வேலை முடியும் வரை என்றார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம் 142-க்கு அனுமதித்தது. சில வாரத்தில் கேரளச் சட்டமன்றம் சட்டம் திருத்தி மறுபடி 136 என்றது. 2014-இல் அந்தச் சட்டம் செல்லாது என்றான பிறகுதான், நவம்பரில், 142-ஐ மறுபடி கண்ணால் பார்த்தோம். தற்காலிகம் என்றது முப்பத்தைந்து ஆண்டு. எனவே ஐம்பது அடியில் சுரங்கம் என்று நான் டீக்கடையில் சொன்னால், “சுரங்கம் வெட்டினால் நாளைக்கே ஐம்பதிலேயே வை என்பார்கள், உனக்கென்ன, தங்கச்சி பாசம்” என்று வாயை அடைக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. இறக்கும் திறன் வேறு, இறக்கி வைக்கும் உத்தரவு வேறு. பிரேக் இருக்கிறது என்பதற்காக யாரும் வண்டியை நிறுத்தியே வைப்பதில்லை. ஆனால் இந்த வேறுபாட்டை எழுத்தில், இரு மாநிலமும் கையெழுத்திட்டு, நீதிமன்றத்தில் பதிவு செய்யாமல் எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். நானும் நம்ப மாட்டேன்.

ஆதாயமும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது தியாகிகள் கடிதமாகிவிடும். பருவமழை ஏமாற்றுகிற ஆண்டில், ஜூன் முதல் தேதி வந்தும் தலைமதகு திறக்காமல் நாற்றங்காலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோமே, அப்போதும் அங்கே 5 டி.எம்.சி. தண்ணீர் இருக்கிறது. கை எட்டாத தண்ணீர். லோயர் கேம்பிலிருந்து மதுரைக்குக் குடிநீர்க் குழாய் போட்ட பிறகு வறட்சியில் அடிபிடி இன்னும் கூடத்தான் போகிறது. ஆண்டுதோறும் அதை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து ஆண்டுக்கு ஒரு முறை, உயிர்த்தண்ணீருக்கு மட்டும், அதில் ஒரு பங்கு கிடைத்தாலே தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்தில் அதன் மதிப்பு தெரியும்.

சிக்கல்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. முதலாவது சுரங்கத்தின் வாய். ஆற்றின் படுகை மேலே போகப் போக உயரும். தேக்கடிக் கோடியில் ஏரியின் தரையே மேடு. ஆகவே ஐம்பது அடிக்கான வாயை அங்கே வைக்க முடியாது, அணைக்கு நெருக்கமாகக் கொண்டு போக வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் பழைய 5,704 அடியைப் போலப் பல மடங்கு நீளம், அதுவும் புலிகள் காப்பகத்துக்கு அடியில். அடுத்தது மின்சாரம். இப்போதைய தண்ணீர் போர்பே என்னும் சிறு தேக்கத்தில் தங்கி, பென்ஸ்டாக் என்னும் பெருங்குழாயில் இறங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தைச் சுற்றிவிட்டுத்தான் எங்களிடம் வருகிறது. கீழ்ச் சுரங்கத் தண்ணீருக்கு அந்த வழி பொருந்துமா, தனி வழியா? வைகை அணையும் இருக்கிறது. 71 அடி என்று பெயர், வண்டல் தின்றது போக மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பெரியாற்றிலிருந்து அவசரமாக இறக்குகிற தண்ணீரை வாங்கிக்கொள்ள வைகையில் இடம் வேண்டாமா? அவசரம் என்பது பெரும்பாலும் அடைமழையில்தான் வரும். அந்த நேரத்தில் வைகையும் நிறைந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காடு. அந்த ஏரி யானைக்கும் மானுக்கும் 130 ஆண்டாகக் குடிநீர். படகில் போனால் 1895-இல் மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் கறுப்பாக நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். மட்டம் 104-க்குக் கீழே போனால் தேக்கடிப் பக்கம் வெறும் சேறாகும். படகு ஓட்டிப் பிழைக்கிற குமுளிக்காரர் என்ன செய்வார்? இது மலையாளி, தமிழர் என்று பிரிக்கிற கேள்வி அல்ல. குமுளியில் யார் யாருடைய கடையில் டீ குடிக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவற்றுக்கெல்லாம் விடை என்னிடம் இல்லை. விடை தேட வேண்டிய இடம் உங்கள் மேசை. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உங்கள் குழுவுக்குக் கை நீளம். நீங்கள் அணைக்குப் போகும்போது கசிவு நீரை அளக்கிறீர்கள், ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்க்கிறீர்கள், பெரிய அணையை ஒட்டிய சிறிய பேபி அணையைச் சுற்றி வருகிறீர்கள். மறுநாள் அதெல்லாம் செய்தியாக வருகிறது. அடுத்த முறை போகும்போது இன்னொன்றையும் அளந்து வெளியிடுங்கள். 142-லிருந்து 130-க்கு, 120-க்கு, 104-க்கு இறக்க எத்தனை நாள் ஆகும்: வரத்து இல்லாதபோது, நடுத்தர மழையில், பெருமழையில்? இதற்குப் புதிய சுரங்கம் வேண்டாம், நீதிமன்ற உத்தரவு வேண்டாம். ஏற்கெனவே உங்களிடம் உள்ள கொள்ளளவு அட்டவணையும் வரத்துக் கணக்கும் போதும். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சடித்து, கம்பத்திலும் வண்டிப்பெரியாற்றிலும் ஒரே நாளில் ஒட்டுங்கள்.

ரூல் கர்வ் என்று மாதாமாதம் எவ்வளவு வரை தேக்கலாம் என்ற அட்டவணை இருக்கிறதே, அதற்கு மறுபக்கமாக ஒன்று வேண்டும். நிலநடுக்கமோ திடீர்க் கசிவோ கண்டால் எந்த நேரத்தில் எதைத் திறப்பது, எந்த மட்டத்தில் நிறுத்துவது, ஆபத்து நீங்கியது என்று யார் சொல்வது, பழைய மட்டத்துக்கு எத்தனை நாளில் திரும்புவது? கடைசி இரண்டும் எழுத்தில் இல்லாததால்தான் 1979 முதல் 2014 வரை நீண்டது.

ஐம்பது அடிச் சுரங்கத்துக்கு முதல்கட்ட ஆய்வையாவது தொடங்குங்கள். பாறையைத் துளைத்துப் பார்க்கட்டும், காட்டுக்காரர்களைக் கேட்கட்டும், செலவைச் சொல்லட்டும். முடியாது என்று வந்தால் முடியாது என்றே அச்சடியுங்கள். இறக்க முடியாத அணை என்று தெரிந்தால், அதற்கேற்ற எச்சரிக்கை மணியையும் மேட்டு நிலத்துக்கு ஏறும் பாதையையும் வண்டிப்பெரியாற்றுக்காரர்கள் கேட்பார்கள். அதைக் கேட்க நானும் அவர்களோடு வந்து நிற்பேன்.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது மச்சான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். பாலத்தில் நின்று கீழே பார்த்தோம். ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. “மேலே இப்போது எத்தனை அடி?” என்று கேட்டார். காலையில் செய்தித்தாளில் பார்த்த எண்ணைச் சொன்னேன். “எத்தனை நாளில் காலி செய்யலாம்?” என்றார். பஸ் வந்துவிட்டது.

அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலுக்காகக் காத்திருக்கும்,

கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் விவசாயி ஒருவர்